மூன்று டிடெக்டர்களில் எதை வைத்துக்கொள்வது

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என்னுடைய மூன்றாவது மெட்டல் டிடெக்டர் சேரன்மகாதேவி வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, முன்னால் வாங்கிய இரண்டும் நெல் மூட்டை அடுக்கும் அறையின் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. நான் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் என் மனைவி, "அப்போ அந்த ரெண்டையும் யாருக்குக் குடுக்கப் போறிய?" என்று கேட்டாள். பெரும்பாலோர் சொல்லக்கூடிய விடைதான் அன்றைக்கு என்னிடமும் இருந்தது. மிகப் பழையதை விற்றுவிடலாம், நடுவில் வாங்கியதை மாற்றுக் கருவியாக வைத்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த எட்டு மாதங்களில் நடந்தவை அந்த விடையை முழுவதுமாகத் திருப்பிப் போட்டுவிட்டன. இன்று மிகப் பழையது என்னிடம் இருக்கிறது, நடுவில் வாங்கியது வேறு இடத்தில் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது.

நான் தொலைபேசித் துறையில் நிலத்தடிக் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண்ணுக்குள் போகும் கேபிளின் தடத்தைக் கருவியின் ஒலியை வைத்துப் பின்தொடர்வது பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது. 2014 ஆடி அமாவாசையன்று படித்துறையில் குளிக்கும்போது என் தங்கை மகளின் தாலிச் சங்கிலி அறுந்து தாமிரபரணியோடு போனது. மூன்று நாள் சல்லடை போட்டு மணலை அரித்தும் அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, ஷார்ஜாவில் இருந்த என் அக்காள் மகன் விடுமுறைக்கு வரும்போது ஒரு டிடெக்டர் கொண்டுவந்து கொடுத்தான். அதை வைத்தும் சங்கிலி கிடைக்கவில்லை. ஆனால் சங்கிலியைத் தேடிய இடத்தில், பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் முந்தைய ஆண்டு தொலைத்த மோதிரம் கிடைத்தது. அதைக் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். நாற்று நடும்போது சேற்றில் நழுவிய மெட்டி, களத்துமேட்டில் வைக்கோலோடு போன கம்மல், கோயில் கொடையின் நெரிசலில் விழுந்த மோதிரம் என்று தேடப் போய்க்கொண்டிருக்கிறேன். பஸ் செலவைத் தவிர எதுவும் வாங்குவதில்லை. தொலைத்தவர் கூடவே நிற்க வேண்டும், தொலைந்தது இன்ன பொருள் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு.

முதல் கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்வது. நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடும், மூன்று விதமாக ஒலி எழுப்பும். மண்ணுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வசதி அதில் இல்லை. தண்டின் அடியில் உள்ள, மண்ணின் மேல் வீசும் வட்டமான காயிலை மட்டும் தண்ணீரில் விடலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. இரண்டாவது, 2020இல் வாங்கியது, 12 கிலோஹெர்ட்ஸ். மண்ணுக்கேற்பத் திருத்தலாம், முழுக் கருவியையும் தண்ணீரில் இறக்கலாம், உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். மூன்றாவதாக வந்தது, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி, திரும்பி வருவனவற்றை ஒப்பிட்டுப் பார்த்து, மண்ணின் பங்கைக் கழித்துவிட்டு உலோகத்தின் பங்கை மட்டும் சொல்லும் வகை.

அலைவரிசை ஏன் முக்கியம் என்பதை நகையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். காயில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் திரும்பி வருவதைக் கருவி கேட்கிறது. வளையல், மோதிரம் போல முழு வட்டமாக இருக்கும் பொருளில் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றும், ஆகவே ஒலி திடமாக வரும். மெல்லிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையம். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடுகை நன்றாக இருப்பதில்லை. எட்டுக் கிராம் சங்கிலியாக இருந்தாலும் கருவிக்கு அது ஒரே ஒரு கண்ணியின் அளவாகத்தான் தெரியும். தாழ்ந்த அலைவரிசை வெள்ளி, செம்பு, பெரிய பொருள்கள் ஆகியவற்றுக்கு நல்லது. மெல்லிய தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை வேண்டும். என் முதல் கருவி என் தங்கை மகளின் சங்கிலியைக் கண்டுபிடிக்காததற்கு என் திறமைக்குறைவு மட்டும் காரணம் இல்லை என்பதை நான் ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் எழுப்பும் ஒலி, சிறு தங்கம் எழுப்பும் ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. படித்துறையில் அமாவாசைக்கு வருபவர்கள் போடும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளில் இப்போது உள்ளவை துருப்பிடிக்காத எஃகு. பையன்கள் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்றில் எறிந்து அவற்றை இழுத்து எடுப்பது அதனால்தான். கருவியும் அவற்றைப் பெரும்பாலும் இரும்பாகவே கணக்கிடும். எனவே எந்தக் கருவி வந்தாலும், தோண்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாத ஒரு பகுதி எப்போதும் இருக்கும். புதியதை வாங்கும்போது அந்தப் பகுதி குறையும், மறைந்துவிடாது.

மனைவியின் கேள்விக்கு ஒழுங்கான விடை வேண்டும் என்பதற்காகப் புறவாசலில் ஒரு சோதனை வைத்தேன். அரைப் பவுன் மோதிரம், வெள்ளி மெட்டி, ஒரு பவுன் மெல்லிய சங்கிலி, பழைய பித்தளை விளக்கின் தண்டு ஆகியவற்றை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, எதுவும் புதைக்காத இடங்களிலும் சேர்த்து முளைக்குச்சிகள் அடிக்கச் சொன்னேன். புதைத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன். எந்தக் குச்சியின் கீழ் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். வெறும் குச்சி இருப்பது அவசியம், ஏனென்றால் "இங்கே இருக்கிறது" என்று தெரிந்துகொண்டு கேட்டால் காது இல்லாத ஒலியையும் கேட்டுவிடும். புதிதாகத் தோண்டிய மண்ணும் படிந்த மண்ணும் ஒன்றில்லை என்பதால், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும் மழை பெய்து மண் இறுகிய பின் ஒருமுறையுமாக இரண்டு தடவை பார்த்தேன்.

ஆறு அங்குலத்தில் இருந்த மோதிரத்தை மூன்றும் சொல்லின, புதியது தயக்கமின்றிச் சொன்னது. மெட்டியில் முதல் கருவிக்கும் புதியதற்கும் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. விளக்குத் தண்டிலும் அப்படியே. சங்கிலியில்தான் பிரிவு தெரிந்தது. முதல் கருவி இரண்டு அங்குலத்திலேயே பேசாமல் போனது, இரண்டாவது மூன்று அங்குலத்திலும் புதியது நான்கு அங்குலத்திலும் கேட்டன. இந்தக் கணக்கைப் பார்த்தால், பழைய இரண்டில் எதுவும் புதியது கேட்காத ஒன்றைக் கேட்கவில்லை. ஆழத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் இரண்டையுமே விற்றிருக்க வேண்டும், நானும் அந்த முடிவுக்குத்தான் வந்தேன்.

கார்த்திகையில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக முதல் கருவியை வாங்க ஒருவர் வந்தார். வேறு ஊர்க்காரர், மரியாதையாகப் பேசினார், விலையையும் குறைத்துக் கேட்கவில்லை. கருவியைக் கையில் எடுத்து இரண்டு வீச்சு வீசிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மண்ணுக்குள்ள கெடக்குத தாழியெல்லாம் இதுல தெரியுமா? அதுக்குள்ள இருக்குத இரும்பு சத்தம் குடுக்குமா?" என்று கேட்டார். நான் கருவியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பழைய டிடெக்டரை விற்பது பழைய மிக்சியை விற்பது போன்ற காரியம் இல்லை. பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூரில் ஜெர்மானியரான யாகோர் 1876இல் தோண்டினார்; பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து தங்க நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் இரும்புக் கருவிகளையும் எடுத்தார். அந்தச் செய்தி ஊர்வாய்க்குள் நுழைந்து, ஆற்றங்கரையில் எங்கே தோண்டினாலும் தங்கம் என்ற நினைப்பாகச் சிலரிடம் தங்கிவிட்டது. ஆனால் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பி, அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அந்த நெல்லுக்கு எந்த டிடெக்டரும் சத்தம் கொடுக்காது. இரும்புக்கும் தங்கத்துக்கும் மட்டும் காது கொடுத்துக்கொண்டு தாழியை உடைப்பவன் அந்த நெல்லை மண்ணோடு சேர்த்து அள்ளி எறிந்துவிடுவான். நம் மண்ணின் மூவாயிரம் ஆண்டுச் செய்தி அவன் கொத்திய குழிக்குப் பக்கத்தில் குப்பையாகக் கிடக்கும். நான் விற்ற கருவியால் அப்படி ஒன்று நடந்தால் அதற்கு நானும் பொறுப்பாளி.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய காசும் சிற்பமும் கைவினைப் பொருளும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை ஆகிய ஊர்ப்பக்கம் நகை தேடக் கூப்பிட்டால்கூட, வீட்டுக்குள்ளோ உழுத வயலிலோ என்றால்தான் நான் போவேன்; தாழிகள் புதைந்த மேட்டுநிலமான பரம்பில் என்றால் போக மாட்டேன். ஆகையால் பழைய கருவியைக் கைவிட நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விலை பேசுவதற்கு முன் வாங்குபவர் அதை வைத்து என்ன தேடப் போகிறார் என்று கேளுங்கள் என்பதுதான். முகம் தெரியாதவருக்குப் பார்சலில் அனுப்பும் வழியை நான் அன்றோடு விட்டுவிட்டேன்.

விற்காமல் நிறுத்திய அந்தக் கருவிக்கு மறு மாதமே வேலை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஆறு இரு கரையையும் மீறி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்து பாதை திறந்தபின், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றோரக் கிராமம் ஒன்றிலிருந்து என் மனைவி வழி உறவினர் ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்குள் முழங்கால் உயரம் வண்டல். பீரோ கவிழ்ந்து கிடக்கிறது. அரிசிப் பானைக்குள் சுருக்குப் பையில் வைத்திருந்த நான்கு வளையல்களும் ஒரு சங்கிலியும் பானையோடு போய்விட்டன என்றார்கள். நானும் என் மருமகனும் அந்தக் கல்லூரி மாணவனும் ஆளுக்கொரு கருவியாக மூன்றையும் எடுத்துக்கொண்டு போனோம்.

அங்கே மூன்று பாடங்கள் கிடைத்தன. ஊரில் மின்சாரம் இல்லை. புதிய கருவி முதல் நாள் மாலை வரை ஓடியது, இரண்டாவது கருவியின் பேட்டரி ஐந்தாவது ஆண்டை நெருங்கியிருந்ததால் நடுப்பகலிலேயே அடங்கிவிட்டது. சார்ஜ் போட வழியில்லாமல் இரண்டும் திண்ணையில் கிடந்தபோது, மிகப் பழையது வழியில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கிய நான்கு பென்சில் பேட்டரிகளில் மறு நாள் முழுவதும் ஓடியது. அடுத்தது, அருகருகே வேலை செய்வது. டிடெக்டர்கள் ஒன்றின் அலையை மற்றொன்று கேட்டுக் கத்தும். இரண்டாவது கருவியும் புதியதும் பத்தடிக்குள் வந்தால் இரண்டுமே உளறின, 6.5 கிலோஹெர்ட்ஸ் கருவியோ அடுத்த அறையில், ஐந்தாறு அடித் தொலைவில் இருந்தபோதும் அமைதியாக வேலை செய்தது. மூன்றாவது, பழகாத கைக்கு எது பொருந்துகிறது என்பது. அந்த வீட்டுப் பெண்மணி தானும் தேடுவேன் என்று நின்றார். தன் வளையல்கள் அல்லவா, அவரைச் சும்மா நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலுக்குள் பட்டியலாக விரியும் கருவியை அவரிடம் கொடுத்திருக்க முடியாது. முதல் கருவியில் தாழ்ந்த ஒலி ஆணி, உயர்ந்த ஒலி வளையல் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்தேன். கவிழ்ந்த பீரோவைப் பத்து ஆள் சேர்ந்து வெளியேற்றிய பிறகு, இரண்டாம் நாள் பிற்பகலில், அடுக்களை வாசற்படியை ஒட்டிய வண்டலில் மூன்று வளையல்களை அவரே கண்டுபிடித்தார். நான்காவது, சிறிது தள்ளிக் கிடந்தது.

சங்கிலியை எந்தக் கருவியும் சொல்லவில்லை. அந்த இடத்தைச் சுற்றிய வண்டலை வாளி வாளியாக அள்ளி, தண்ணீர் ஊற்றி, மாவு சலிக்கும் சல்லடையில் கரைத்துத்தான் மூன்றாம் நாள் எடுத்தோம். மெல்லிய சங்கிலி தொலைந்தால் கருவியை நம்பி நேரத்தைக் கடத்தாமல், கூடவே கிடந்த பெரிய பொருளைக் கருவியால் கண்டு, அதைச் சுற்றிச் சல்லடை போடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

இதை வைத்துப் பழையதே போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அடுத்த பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்குடியிருப்புப் பக்கம் சாஸ்தா கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் செம்மணலில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டது. தேரி மணல் சிவப்பாக இருப்பதற்கு மணற்துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு காரணம். அதோடு இல்மனைட் போன்ற கனமான கருந்துகள்களும் கலந்திருக்கின்றன. முதல் கருவியை அங்கே தரையருகே கொண்டுபோன உடனேயே ஓயாமல் சத்தமிட்டது. நுண்ணுணர்வை மிகக் குறைத்து வைத்தால் அமைதியானது, ஆனால் கையில் இருந்த மோதிரத்தை இரண்டு அங்குலத்துக்கு மேல் உணரவில்லை. இரண்டாவதை மண்ணுக்கேற்பத் திருத்தி ஓரளவு வேலை வாங்க முடிந்தது, நாலைந்து அடி நகர்ந்ததும் மறுபடி திருத்த வேண்டியிருந்தது. புதியது வயலில் நடப்பதைப் போலவே அங்கேயும் நடந்தது. மோதிரம் மூன்று அங்குல ஆழத்தில் இருந்தது. உதிரி மணலில் ஆள் நடமாட்டம் இருந்தால் கனமான பொருள் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். உவரி முதல் மணப்பாடு வரை கடற்கரையில் தேடுபவர்களுக்கும் இதே நிலைதான். அங்கே கருமணலோடு உப்புநீரும் சேர்ந்துகொள்கிறது. அத்தகைய நிலத்தில்தான் அதிகம் தேட வேண்டியிருக்கும் என்றால், பழைய ஒற்றை அலைவரிசைக் கருவியை வைத்துக்கொள்வதில் பயன் குறைவு. எனக்கு வாய்த்தது பெரும்பாலும் ஆற்று வண்டலும் நெல்வயலும். இந்த மண்ணில் பழையது இன்றும் நன்றாகக் கேட்கிறது.

தேரியிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதுவரை எது பழையது, எது அதற்கடுத்துப் பழையது என்று வயதைப் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது, எந்தக் கருவியின் வேலை புதியதன் வேலையோடு ஒன்றாகிப் போகிறது என்பதை. இரண்டாவது கருவி செய்வதையெல்லாம் புதியது செய்கிறது, சற்றுக் கூடுதலாகவே செய்கிறது. அதற்குத் தேவையானதே இதற்கும் தேவைப்படுகிறது. அது நின்றுபோகும் இடத்தில் இதுவும் நின்றுபோகிறது. முதல் கருவி வேறு இனம். வேறு பேட்டரி, வேறு அலைவரிசை, வேறு கைக்குப் பொருந்தும் எளிமை ஆகியவை அதனிடம் இருக்கின்றன. மாற்றுக் கருவி என்று ஒன்றை வைத்துக்கொள்வதானால், முதன்மைக் கருவி எந்தக் காரணத்தால் நின்றதோ அதே காரணத்தால் அதுவும் நிற்கக் கூடாது.

இரண்டாவதைப் பற்றி இன்னொரு கவலையும் இருந்தது. தண்ணீரில் இறக்கலாம் என்ற உறுதி புதிய ரப்பர் அடைப்புக்குப் பொருந்தும். ஆண்டுக்கணக்காக வெயிலிலும் மணலிலும் கிடந்த ரப்பர் இறுகிப்போகும். 2023 கோடையில் குறுக்குத்துறையில் இடுப்பளவு நீரில் தேடிவிட்டு வந்தபோது திரைக்குள் ஆவி படிந்திருந்தது. இரண்டு நாள் அரிசிக்குள் வைத்து, பிறகு வெயில் படாத காற்றோட்டத்தில் உலர்த்தி அதைக் காப்பாற்றினேன், ஆனால் அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. பழைய நீர்க்காப்புக் கருவியைக் கைமாற்றுபவர்கள் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அது இப்போது அம்பாசமுத்திரத்தில் என் நண்பருடைய மர அறுவை மில்லில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இடிக்கப்படும் பழைய வீடுகளிலிருந்து தேக்கு உத்தரங்களும் நிலைகளும் அங்கே வரும். நூறு ஆண்டுக்கு முன் கொல்லர் அடித்த சதுர ஆணி ஒன்று உள்ளே ஒடிந்து கிடந்தால், மேலே துளைகூடத் தெரியாது. ரம்பத்தின் பல் பட்டால் பிளேடு போகும், நிற்பவர் முகத்துக்கும் ஆபத்து. கட்டையை இரும்புத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கி, இரண்டு மரத்தாங்கிகளின் மேல் வைத்து, இரும்பை ஒதுக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, காயிலை மெதுவாக நீளவாக்கில் ஓட்டி, சத்தம் வரும் இடத்தில் சாக்பீசால் குறியிட வேண்டும். தாங்கியும் மரமாக இருப்பது முக்கியம். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட கிரகாம் பெல் தன் கருவியோடு போனபோது, மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் அதைக் குழப்பிவிட்டன என்று சொல்வார்கள். கட்டையைச் சுற்றி இரும்பு இருந்தால் மில்லிலும் அதேதான் நடக்கும். தண்ணீர் படாத, மின்சாரம் எப்போதும் உள்ள, ஆழம் தேவைப்படாத அந்த இடம் அக்கருவிக்கு நன்றாகப் பொருந்திவிட்டது. விலையாக ஒன்றும் வாங்கவில்லை. மீண்டும் கைமாற்றுவதானால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் என்ற ஒரு சொல் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வைத்துக்கொண்ட பழையதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். வேலை முடிந்தவுடன் பேட்டரிகளைக் கழற்றிவிடுகிறேன். ஒருமுறை கழற்ற மறந்து, மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது பேட்டரி கசிந்து தகடுகளில் வெள்ளைப் பூச்சாகப் படிந்திருந்தது. சாதாரண ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது; வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போக உலர்த்திய பின் அது சரியானது. காயிலின் அடியுறையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். அதற்குள் சேரும் கருமணல் காயிலோடு ஒட்டியே இருப்பதால், நாம் எங்கே போனாலும் தேரியைக் கூடவே சுமந்து செல்வது போல் ஆகிவிடும். கருவி ஆட்டும்போதெல்லாம் காரணமில்லாமல் சத்தம் கொடுத்தால், மண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் காயில் கேபிள் தண்டில் இறுகச் சுற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் உள்ளே அறுந்துபோய், புதிய காயில் வாங்க வேண்டி வந்து, அதன் விலை கருவியின் இன்றைய விலையைத் தாண்டுமானால் அன்று அதை விட்டுவிடுவேன். உள்ளே பேட்டரி பொருத்திய கருவியை வைத்துக்கொள்பவர்கள் அதைப் பாதியளவு சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் விட்டால் லித்தியம் பேட்டரி மீளாது.

காதைப் பற்றியும் ஒன்று உண்டு. புதிய கருவி திரையில் எண் காட்டுகிறது. முதல் மூன்று மாதம் நான் அந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்தேன். அதனால் ஐப்பசியில் ஒரு வயலில் மெட்டியைத் தாண்டிப் போயிருக்கிறேன். மறு நாள் பழையதை எடுத்துக்கொண்டு அதே வரப்போரம் நடந்தபோது, ஒன்பது ஆண்டு பழகிய அந்த ஒலி உடனே நிறுத்தியது. பிறகு அதே இடத்தில் புதியதை வீசி, அது அந்த மெட்டிக்கு எப்படி ஒலிக்கிறது என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன். புதியதைப் பழகும் காலத்தில் பழையது பக்கத்தில் இருந்தால், தெரிந்த ஒலியையும் தெரியாத ஒலியையும் ஒரே பொருளின் மேல் வைத்து ஒப்பிடலாம். எதை விற்பதாக இருந்தாலும் ஒரு கார், ஒரு பிசானம் ஆகிய இரண்டு நெல் பருவமும் கழிந்த பின் விற்பது நல்லது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கருவி இப்போது பெரும்பாலும் அந்தக் கல்லூரி மாணவனின் கையில் இருக்கிறது. எங்கே போனான், யார் கூப்பிட்டார்கள், என்ன கிடைத்தது, யாரிடம் கொடுத்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறான். எழுதாத வாரத்தில் கருவி என் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சங்கிலி தொலைந்த படித்துறையின் மணலை வெள்ளம் எவ்வளவு தூரம் புரட்டியிருக்கிறது என்று தெரியாது, ஆனாலும் தங்கை மகள் இன்னும் கேட்கிறாள். சங்கிலி மெலிது, அதில் கோத்திருந்த தாலிப் பொட்டு கனமானது, அதைப் பழைய கருவியும் கேட்கும். சித்திரையில் அணைத் தண்ணீரை நிறுத்தி ஆறு குறைந்ததும், அவன் பழையதோடு மேல்படிகளின் இடுக்கிலிருந்தும் நான் புதியதோடு கீழ்மணலிலிருந்தும் தொடங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.